அலுமினிய விமானப் பாகங்களில் பூச்சு உரிதலும் அரிப்பும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு சிறு விமானத்தின் இறக்கையில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையை ஒட்டிக் கையகல இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து, பிரைமரும் (அடிப்பூச்சு) மேற்பூச்சும் புதிதாக அடித்தோம். அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தபோது அதே இடம் மறுபடியும் உரிந்திருந்தது. இரண்டாம் முறை பூசியதும் நிலைக்கவில்லை. மூன்றாம் முறைதான் உரிந்த சில்லைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பார்த்தோம். அதன் பின்புறத்தில் மெல்லிய பொன்னிறப் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் மஞ்சளாகக் கையோடு வந்தது. பிரைமரில் குறை எதுவும் இல்லை. பிரைமருக்கு அடியில் இருக்கவேண்டிய அலோடைன் படலம் (வேதிக் கரைசலால் அலுமினியத்தின்மேல் உண்டாக்கும் மெல்லிய காப்பு அடுக்கு), உலோகத்தைப் பற்றாமல் பொடியாகிக் கிடந்ததுதான் காரணம்.

அன்று முதல் எந்தப் பூச்சுக் கோளாறிலும் தேய்ப்புத் தாளை எடுப்பதற்குமுன் சில்லையும் அது விட்டுச்சென்ற இடத்தையும் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. தேய்த்துவிட்டால் சான்று போய்விடும். கீழே உள்ளவை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தொகுத்தவை. ஒவ்வோர் அறிகுறியின்கீழும் எளிய காரணம் முதலிலும் செலவுமிக்க காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்கள் விமானத்துக்கு உற்பத்தியாளர் தந்துள்ள பராமரிப்புக் கையேடோ பூச்சுப்பொருளின் தரவுத்தாளோ இதிலிருந்து மாறுபட்டால், அவற்றையே பின்பற்றவேண்டும்.

கை வைப்பதற்குமுன்

பழைய பிரைமர் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால், அதில் குரோமேட் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி, எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நீர் தொட்டுத் தேய்க்கவேண்டும், உரிய வடிகட்டியுள்ள முகக்கவசம் அணியவேண்டும், வழித்த கழிவை மூடிய கலனில் சேர்க்கவேண்டும், சாக்கடையில் விடக் கூடாது. பாலியூரித்தேன் மேற்பூச்சைத் தெளிக்கும்போது அதிலுள்ள ஐசோசயனேட்டுக்கு வடிகட்டி முகக்கவசம் போதுமான காப்பு அல்ல. வெளியிலிருந்து குழாய்வழி தூய காற்று தரும் கவசம் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் தெளிப்பு வேலையைத் தொடங்கவே கூடாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாள், சிறு காந்தம், மாஸ்கிங் டேப், நாரில்லாத வெள்ளைத் துணி, காய்ச்சி வடித்த நீர், வெப்பமானி, ஈரப்பதமானி ஆகியவை சோதனைகளுக்குப் போதும். பூச்சுத் தடிமன் அளக்கும் கருவி எடி கரன்ட் (சுழல் மின்னோட்டம்) வகையாக இருக்கவேண்டும்; இரும்புக்கான காந்த வகைக் கருவி அலுமினியத்தின்மேல் வேலை செய்யாது.

மூன்று பொருள்கள் அலுமினியத்தின் அருகில் வரக் கூடாது. முதலாவது இரும்புக் கம்பளி. அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து, ஒவ்வொன்றும் ஓர் அரிப்பு மையமாகிவிடும். இரண்டாவது கருப்பு நிறச் சிலிக்கான் கார்பைடு தாள். அதன் கூர்மையான மணிகள் மெல்லிய உலோகத்தில் புதைந்துவிடும், அலுமினியம் ஆக்சைடு தாளையே பயன்படுத்தவேண்டும். மூன்றாவது, பலரும் நினைத்துப் பார்க்காத பென்சில். கரிமுனைக் கோடு போட்ட இடத்தில், அந்தக் கோட்டின் வடிவிலேயே அரிப்பு எழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: பூச்சு சில்லுச் சில்லாக உரிகிறது

உரிந்த சில்லின் பின்புறத்தையும் அது இருந்த இடத்தையும் கைக்கண்ணாடியால் பாருங்கள். எந்த அடுக்கு எதை விட்டுப் பிரிந்தது என்பது தெரிந்தால், கீழே எந்தக் கிளைக்குப் போவது என்பதும் தெரிந்துவிடும்.

*சில்லில் மேற்பூச்சு மட்டும் இருக்கிறது. பிரைமர் தகட்டிலேயே நிற்கிறது*

பெரும்பாலும் இது கால இடைவெளிக் கோளாறு. எபாக்ஸி பிரைமர் ஓரளவு இறுகியதும், முழுமையாகக் கெட்டிப்படுவதற்குமுன் மேற்பூச்சு ஏறவேண்டும். பல தயாரிப்புகளில் இந்த இடைவெளி ஏறத்தாழ 24 மணி நேரம். அதைத் தாண்டிய பிரைமரின் பளபளப்பான முகத்தைச் சொரசொரப்பாக்காமல் மேலே பூசினால் பிடிப்பு இருக்காது. பணிப்பதிவில் பிரைமர் அடித்த நேரத்தையும் மேற்பூச்சு அடித்த நேரத்தையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைக்கும். அடுத்த காரணம், இடையில் படிந்த விரலெண்ணெய், தூசி, அல்லது ஹேங்கரில் (விமானக் கொட்டகை) யாரோ தெளித்த சிலிக்கான் ஸ்பிரே.

பிரைமர் தகட்டை உறுதியாகப் பற்றியிருக்கிறதா என்பதை, மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்துப் பார்க்கும் டேப் சோதனையால் உறுதி செய்தபின், மிக நுண்ணிய ஸ்காட்ச்-பிரைட்டால் அதன் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, மேற்பூச்சை மட்டும் மீண்டும் அடித்தால் போதும். உலோகம் வரை இறங்கவேண்டியதில்லை. பிரைமரைத் தேய்த்தே தீர்த்துவிடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். நன்றாக நிற்கும் பிரைமரை எடுப்பது நல்ல வேலையை அழிப்பதாகும்.

*சில்லின் பின்புறமும் தகடும் இரண்டுமே பிரைமர் நிறத்தில் இருக்கின்றன*

பிரைமர் தனக்குள்ளேயே பிளந்திருக்கிறது. அளவுக்கு மீறிய தடிமனே முதல் சந்தேகம். மில்-பிஆர்எஃப்-23377 என்ற அமெரிக்க இராணுவத் தரக்குறியீட்டு வகை எபாக்ஸி பிரைமர் காய்ந்தபின் 15 முதல் 23 மைக்ரான் வரைதான் இருக்கவேண்டும். அது மனித முடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி நிற்கும் அளவு. காப்பு கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணி இருமடங்கு அடித்தால், உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும், படலம் நொறுங்கும் தன்மையை அடையும். கருவியால் அளந்து பாருங்கள். தடிமன் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் கலவை விகிதமும், கலக்கியபின் காத்திருக்கவேண்டிய நேரமும். கெட்டியாக்கும் பகுதியைக் கண்ணளவில் ஊற்றியிருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. அந்தப் பகுதி முழுவதையும் உலோகம் வரை அகற்றவேண்டும்.

*தகட்டில் வெறும் உலோகம் பளிச்சிடுகிறது*

இங்கேதான் அதிக நேரம் செலவிடவேண்டும், ஏனெனில் நான் பார்த்த தொடர் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

முதலில் சுத்தம். உரிந்த இடத்தை ஒட்டிய வெற்று உலோகத்தின்மேல் காய்ச்சி வடித்த நீரைச் சீராக ஊற்றிப் பாருங்கள். நீர்ப்படலம் அரை நிமிடம் கிழியாமல் கண்ணாடித் தகடுபோல் நின்றால் உலோகம் சுத்தமானது. துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ரிவெட் வரிசையிலும் தகட்டு விளிம்பிலும் மட்டும் திரண்டால், தகடுகளுக்கிடையே புகுந்த பழைய எண்ணெயோ, அரிப்புத் தடுப்பு எண்ணெயோ வெளியே கசிகிறது என்று பொருள். ஏசிஎஃப்-50, கொரோஷன்-எக்ஸ் போன்ற ஊடுருவும் எண்ணெய்கள் உட்பகுதிக்கு மிக நல்ல காப்புத் தருபவை. ஆனால் பூச்சு வேலைக்குமுன் அவற்றை அடித்தால், எத்தனை முறை துடைத்தாலும் இணைப்புக்குள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். பூச்சு முழுவதும் கெட்டிப்பட்ட பிறகே அவற்றின் முறை வரவேண்டும்.

உலோகம் சுத்தமாக இருந்தும் உரிந்திருந்தால், அலோடைன் பிடித்ததா என்று பாருங்கள். பிடித்த இடம் வெளிர் பொன்னிறத்திலிருந்து மங்கலான பழுப்பு வரை, லேசான வானவில் மினுக்கத்தோடு இருக்கும். நிறமே இல்லாத வெள்ளித் தகடு தெரிந்தால், படலம் உருவாகவே இல்லை. நிறமற்ற படலம் தரும் குரோமேட் இல்லாத வகைகளும் உண்டு. ஆதலால் எந்தப் பொருள் பயன்பட்டது என்பதைப் பதிவில் சரிபார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

மூன்றாவது காரணம் தேய்ப்பு. அல்கிளாட் தகட்டின் மேல் உள்ள தூய அலுமினிய அடுக்கு மிக மெல்லியது. 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 2024 என்ற எண்ணுடைய அலுமினியக் கலவைத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து விழுக்காடு என்று கணக்கிட்டால் 0.04 மில்லிமீட்டர்தான் வருகிறது. ஒவ்வொரு மறுபூச்சிலும் ஆர்வமாகத் தேய்த்தால் அது போய், தாமிரம் கலந்த உட்கலவை வெளிப்படும். அங்கே பூச்சு தளர்ந்தவுடன் அரிப்பு விரைவாகப் பற்றும். அல்கிளாட் அடுக்கு போன இடத்தை மீட்டெடுக்க முடியாது. அந்த இடத்தில் அலோடைனும் எபாக்ஸி பிரைமரும் குறையின்றி அமைந்தே ஆகவேண்டும்.

*சில்லின் பின்புறத்தில் பொன்னிறப் பொடி*

முன்னுரையில் சொன்ன கோளாறு இது. கரைசலை அளவுக்கு மீறி ஊறவிட்டதாலோ, தகட்டின்மேல் காயவிட்டதாலோ, கரைசல் செறிவு கூடியதாலோ படலம் பொடியாகும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி மஞ்சளாகும். அதன்மேல் எந்தப் பிரைமரும் நிற்காது. பொடியை அகற்றி, அமிலக் கழுவலிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.

உலோகம் வரை இறங்கிய எல்லாக் கிளைகளுக்கும் வரிசை ஒன்றே: கரைப்பானால் எண்ணெய் நீக்கம், அலுமினியம் ஆக்சைடால் மென்மையான தேய்ப்பு, பாஸ்பாரிக் அமிலக் கழுவல், நீர்ப்படலச் சோதனை, அலோடைன், நிறையத் தூய நீர், 60 டிகிரி செல்சியசைத் தாண்டாத காற்றில் உலர்த்தல், பிரைமர். ஈரமாக இருக்கும் அலோடைன் படலம் கூழ்போல் மென்மையானது. அதைத் துணியால் துடைத்தால் வழிந்துவிடும். உலர்ந்தபின் தரவுத்தாள் சொல்லும் நேரத்துக்குள் பிரைமர் ஏறவேண்டும், இடையில் வெறுங்கை படக் கூடாது.

*நிபுணரை அழைக்கவேண்டிய நிலை:* உரிந்த பரப்பு ஒரு தகட்டுப் பலகைக்கு (பேனல்) மேல் விரிந்தால், அல்லது உலோகத்தில் விரல்நகம் தட்டும் அளவுக்குக் குழிகள் தெரிந்தால்.

அறிகுறி 2: பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள்

ரிவெட் தலையிலிருந்தோ தகட்டு விளிம்பிலிருந்தோ கிளம்பி, நூல்போல் வளைந்து வளைந்து செல்லும் மேடுகள் இழையரிப்பின் அடையாளம். கோட்டின் முனைதான் இன்னும் உயிரோடு இருக்கும் பகுதி. வால் வெறும் வெண்பொடியாக இருக்கும். தொடக்கத்தில் இது மேற்பரப்போடு நிற்கும். கவனிக்காமல் விட்டால் உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லை வழியே உள்ளே இறங்கக்கூடும்.

எளிய காரணம், பூச்சு மூடாத கூரிய விளிம்பும், திருகைக் கழற்றி மாட்டும்போது பூச்சில் விழுந்த வெடிப்பும். கோடுகள் எல்லாம் கழற்றி மாட்டும் திருகுகளிலிருந்தே கிளம்பினால் இதுவே காரணம். கோடுகள் எங்கும் பரவி, பல இடங்களில் ஒரே காலத்தில் தோன்றினால், உலோகத்தின்மேல் முதலில் அடிக்கும் மெல்லிய அமிலப் பிரைமரான வாஷ் பிரைமரைச் சந்தேகிக்கவேண்டும். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது; காற்று மிக வறண்டிருந்த நாளில் அடித்தால் அமிலம் முழுமையாக வினைபுரியாமல் படலத்துக்குள் தங்கி, பின்னர் வரும் ஈரக்காற்றில் விழித்துக்கொள்ளும். பொதுவாக ஈரக்காற்று பூச்சுக்குப் பகை என்று நினைக்கிறோம். வாஷ் பிரைமர் மட்டும் இதற்கு விலக்கு. கடற்கரை விமானநிலையங்களில் நிற்கும் விமானங்களில் பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பும் இதே வேலையைச் செய்யும்.

கோட்டின் முனைக்கு அப்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பூச்சை அகற்றவேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோட்டை மட்டும் சுரண்டினால் முனை தப்பித்துத் தொடரும். வெண்பொடி முழுவதையும் எடுத்து, கைக்கண்ணாடியில் கருப்புப் புள்ளி ஏதும் மிஞ்சவில்லை என்று உறுதி செய்தபின் மேலே சொன்ன வரிசையைப் பின்பற்றலாம். இம்முறை வாஷ் பிரைமரைத் தவிர்த்து, அலோடைனும் எபாக்ஸியும் கொண்டு முடிப்பதே என் பரிந்துரை.

*நிபுணரை அழைக்கவேண்டிய நிலை:* தேய்த்தபின் கோட்டின் தடம் குழியாக நின்றால், அல்லது அல்கிளாட் அடுக்கைத் தாண்டி அது இறங்கியிருந்தால்.

அறிகுறி 3: ரிவெட் அல்லது திருகுத் தலையைச் சுற்றிக் கறை

*வெள்ளை வளையம்*

காந்தத்தைத் தலையின் அருகே கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் கார்பன் எஃகு; அதன் காட்மியப் பூச்சு தேய்ந்திருந்தால், அலுமினியமே அந்த எஃகுக்காகத் தன்னை அரித்துக்கொள்ளும். காட்மியம் நல்ல நிலையில் உள்ள புதுத் திருகை மாற்றுவது செலவில்லாத முதல் தீர்வு. காந்தம் ஒட்டாவிட்டால் அது துருப்பிடிக்காத எஃகோ டைட்டானியமோ ஆகலாம். அவை இன்னும் கடுமையாக அலுமினியத்தை வதைக்கும். இவற்றை மாட்டும்போது துளையிலும் தலையடியிலும் மில்-பிஆர்எஃப்-81733 போன்ற அரிப்புத் தடுப்பு சீலன்ட்டை (இடைவெளி அடைக்கும் பசை) ஈரமாகத் தடவி, ஈரம் காய்வதற்குமுன் இறுக்கவேண்டும். தலையைச் சுற்றி மெல்லிய சீலன்ட் வளையம் பிதுங்கி வந்தால், உள்ளே இடைவெளியின்றி நிறைந்தது என்று கொள்ளலாம். திருகிய பிறகு வெளிப்புறமாக மட்டும் சீலன்ட் பூசுவது, உள்ளே நீர் நின்றிருந்தால் அதைப் பூட்டிவைப்பதாகும்.

கரியிழை (கார்பன் ஃபைபர்) பாகத்தோடு அலுமினியம் சேருமிடத்தில் வெள்ளை வளையம் அல்ல, வெள்ளைப் பட்டையே தோன்றும். கரியிழை மின்கடத்தி; இடையில் கண்ணாடியிழை அடுக்கோ சீலன்ட்டோ இல்லையெனில் எந்தப் பிரைமரும் நெடுநாள் தாங்காது. இதைப் பூச்சுக் கோளாறாக அல்லாமல் இணைப்பு வடிவக் கோளாறாகக் கருதி, வடிவமைப்புப் பொறியாளரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

*கருப்பு வால்*

ரிவெட் தலையிலிருந்து காற்றோட்டத் திசையில் கருஞ்சாம்பல் நிறக் கோடு நீண்டிருந்தால், ரிவெட் தளர்ந்து உரசுகிறது. அந்தக் கறை உரசிய அலுமினியத்தின் துகள். துடைத்துவிட்டு, ஒருவர் ரிவெட்டுக்கு அருகே தகட்டைக் கட்டைவிரலால் அழுத்த, மற்றவர் தலையின் விளிம்பைக் கைக்கண்ணாடியால் பார்க்கட்டும். தலைக்கும் தகட்டுக்கும் இடையே அசைவு தெரிந்தால் உறுதி. பூச்சால் இதைத் தீர்க்க முடியாது; பூசினால் அறிகுறி மறையுமே தவிர உரசல் தொடரும். கருப்பு வாலைக் கண்டு அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள் என்பதை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அடுத்துப் பரிசோதிப்பவருக்கு அந்தக் கறை ஒன்றுதான் எச்சரிக்கை.

*நிபுணரை அழைக்கவேண்டிய நிலை:* கருப்பு வால் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டவேண்டும். அடுத்தடுத்த ரிவெட்டுகளில் தெரிந்தால் அவர் பார்க்கும்வரை பறக்கக் கூடாது.

அறிகுறி 4: கொப்புளங்கள்

ஒரு கொப்புளத்தை மெல்லிய ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே எதுவுமின்றி உலர்ந்திருந்தால் சிக்கிய கரைப்பான். தடிமனாகவோ விரைவாகவோ அடுக்கியதன் விளைவு. நீர் வந்தால் பிஎச் தாளில் ஒற்றுங்கள். பெரும்பாலும் கடைசிக் கழுவலுக்குச் சாதாரணக் குழாய் நீரைப் பயன்படுத்தியதால் தங்கிய உப்பு, பூச்சின் ஊடாக ஈரத்தை உள்ளே இழுத்திருக்கும். அமிலத்தன்மை தெரிந்தால் அமிலக் கழுவலின் எச்சம். இரண்டுக்கும் தீர்வு, கொப்புளம் பரவிய இடம் முழுவதையும் அகற்றிக் கனிமம் நீக்கிய நீரால் கழுவித் திரும்பச் செய்வது. வெண்பொடி வந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அறிகுறி 2-இல் சொன்னவாறு உலோகம் வரை இறங்கவேண்டும்.

கொப்புளத்தோடு பூச்சே பிசுபிசுவென மென்மையாகியிருந்தால் மேலே என்ன கசிகிறது என்று தேடுங்கள். ஊதா நிறத் திரவம் பாஸ்பேட் எஸ்டர் வகை ஹைட்ராலிக் எண்ணெய். அது பல பூச்சுகளை இளக்கித் தூக்கிவிடும். கசிவை நிறுத்தாமல் பூசுவது வீண் வேலை.

*நிபுணரை அழைக்கவேண்டிய நிலை:* ஹைட்ராலிக் கசிவின் மூலம் தெரியாதபோது.

அறிகுறி 5: புதிய பிரைமர் காயவில்லை, அல்லது குழிக்குழியாக விலகுகிறது

அடித்தவுடனே மீன்கண் போன்ற வட்டக் குழிகள் தோன்றினால் சிலிக்கான் அல்லது காற்றழுத்த இயந்திரத்திலிருந்து வந்த எண்ணெய். வெள்ளைத் துணியின்மேல் காற்றை மட்டும் ஒரு நிமிடம் பீய்ச்சிப் பாருங்கள். ஈரமோ எண்ணெயோ துணியில் தெரிந்துவிடும். மறுநாளும் நகம் பதிந்தால் வெப்பநிலையைக் கவனிக்கவேண்டும். ஹேங்கரின் காற்றைவிடத் தகடு குளிர்ந்திருக்கும் என்பதால் வெப்பமானியைத் தகட்டின்மேல் வைத்தே அளக்கவேண்டும். தகடு பனிபடு நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியசாவது கூடுதலாக இருக்கவேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து, கலவை விகிதமும் சரியாக இருந்தால், கலனின் காலாவதித் தேதியைப் பாருங்கள். காயாத பிரைமரின்மேல் மேற்பூச்சு அடித்து மறைப்பது எந்த நிலையிலும் கூடாது.

குரோமேட் இல்லாத புதிய பிரைமருக்கு மாறியபின் இக்கோளாறு தொடங்கியதா என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் 2019 ஜனவரி 22-க்குப் பிறகு தனி அனுமதியின்றி ஸ்ட்ரான்சியம் குரோமேட்டைப் பயன்படுத்த முடியாததால் இந்த மாற்றம் பரவலாகி வருகிறது. புதிய பிரைமருக்கு ஏற்ற முன்பூச்சையும் மேற்பூச்சையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய வரிசையில் ஒன்றை மட்டும் உருவி மாற்றினால் பொருந்துவதில்லை.

அறிகுறி 6: மறைவிடங்களில் வெண்பொடி

பேட்டரிப் பெட்டியின் அடி, கழிவறைத் தரையின் அடி, வயிற்றுப் பகுதியின் தாழ்ந்த மூலை ஆகியவற்றில் பிரைமர் நன்றாக இருந்தும் வெண்பொடி வந்தால், வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெல்லிய மரக்குச்சியால் துளையைக் குத்திவிட்டாலே பல இடங்களில் கோளாறு தீர்ந்துவிடும்.

பேட்டரி அருகே பிஎச் தாள் தேவை. ஈய அமில பேட்டரியின் சிந்தலைச் சமையல் சோடாக் கரைசலால், நுரை எழுவது நிற்கும்வரை நடுநிலைப்படுத்தவேண்டும். நிக்கல்-காட்மியம் பேட்டரியின் சிந்தல் காரம். அதற்கு வினிகர் அல்லது நீர்த்த போரிக் அமிலம். இரண்டையும் மாற்றிச் செய்தால் நிலைமை மோசமாகும், ஆதலால் பேட்டரியின் வகையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு ஏராளமான நீர், பிறகு மீண்டும் பிஎச் தாள்.

தகட்டின்மேல் உரோமம்போல் வெள்ளையாக ஏதோ வளர்வது தெரிந்தால், அருகில் பாதரச வெப்பமானி உடைந்ததா என்று விசாரியுங்கள். பாதரசம் அலுமினியத்தின் இயற்கைக் காப்புப் படலத்தை மீண்டும் உருவாக விடாது. சிறு துளியும் தொடர்ந்து தின்றுகொண்டே இருக்கும். துடைக்கக் கூடாது, ஊதக் கூடாது, நடமாட்டத்தை நிறுத்திவிட்டு உடனே நிபுணரை அழைக்கவேண்டும்.

அறிகுறி 7: தகடு உப்பியிருக்கிறது, அல்லது விளிம்பு ஏடு ஏடாகப் பிரிகிறது

இது வரை சொன்னவற்றில் பலவற்றைக் கையால் தீர்க்கலாம். இங்கே உங்கள் வேலை கண்டுபிடிப்பதோடு முடிகிறது.

ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகளின் இணைப்பில், ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி தலையணைபோல் உப்பியிருந்தால், உள்ளே சேர்ந்த அரிப்புப் பொருள் உலோகத்தைவிட அதிக இடம் பிடித்துத் தகட்டைத் தள்ளுகிறது. கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், நேர்ப்பார்வைக்குத் தெரியாத மேடு நிழலாகத் தெரியும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் 243-ஆம் பயணத்தில், 89,680 முறை பறந்து இறங்கிய போயிங் 737-இன் மேற்கூரையின் முன்பகுதி வானிலேயே பிய்ந்துபோனது. இத்தகைய இணைப்பின் ஒட்டு விட்டு, அரிப்பும், திரும்பத் திரும்ப வரும் விசையால் உண்டாகும் களைப்பு வெடிப்புகளும் சேர்ந்ததே அங்கு நடந்தது. இணைப்பின் உள்ளே நடப்பதை வெளிப்பூச்சால் நிறுத்த முடியாது.

அச்சுத் துளை வழியே பிதுக்கிச் செய்த பாகங்களில் (எக்ஸ்ட்ரூஷன்), குறிப்பாக 7075-டி6 கலவையில் செய்த ஸ்பார் (இறக்கையின் முதன்மைத் தாங்குச் சட்டம்) முனைகளில், துளையைச் சுற்றியோ வெட்டிய விளிம்பிலோ பூச்சு தூக்கி நின்றால், நகத்தால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். உலோகமே பழைய பனையோலைச் சுவடியின் ஏடுகள்போல் அடுக்கடுக்காக எழுந்தால் அது ஏட்டரிப்பு. டி73, டி76 என்ற வெப்பப் பதப்படுத்தலில் வரும் அதே கலவை இதை நன்றாகத் தாங்கும். பழைய விமானங்களில் டி6 இன்னும் மிகுதியாக இருக்கிறது. ஏட்டரிப்பைத் தேய்த்து எடுக்கத் தொடங்கினால் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கட்டமைப்புப் பழுதுநீக்கக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட்டாக வேண்டும். மிஞ்சிய தடிமனை அல்ட்ராசானிக் கருவியால் அளந்து, வெடிப்பு இல்லை என்பதை எடி கரன்ட் அல்லது டை பெனட்ரன்ட் (வெடிப்புக்குள் ஊறும் சாயம்) சோதனையால் உறுதி செய்வது பயிற்சி பெற்றவரின் பணி. டை பெனட்ரன்ட் சோதனைக்கு வெடிப்பின் வாய் திறந்திருக்கவேண்டும் என்பதால், அவர் வருவதற்குமுன் நீங்கள் தேய்த்து மெருகேற்றினால் அலுமினியம் இழுபட்டு வெடிப்பு மூடிக்கொள்ளும்.

ஆகவே இந்த அறிகுறியில் பூச்சை அகற்றவும் வேண்டாம். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, சட்டக எண்ணையும் ரிவெட் வரிசையையும் குறித்து, சில்லுகளை இடம் எழுதிய உறையில் போட்டு, முன்பு எப்போது அங்கே பூச்சு வேலை நடந்தது என்ற பதிவோடு சேர்த்துக் கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒப்படையுங்கள். அவர் எழுத்தில் விடுவிக்கும்வரை விமானம் தரையிலேயே நிற்கட்டும்.